காற்று யாருடைய முறை?

செயின்ட் ஜான், பார்படாஸ்
3 மே 1987

அன்புள்ள மச்சான் கிளெமன்ட்,

நீயும் எல்மினா அக்காவும் லண்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் யூலாவும் சுகம். என் இடது முழங்காலைத் தவிர என்று சேர்த்துக்கொள். நான் பந்து வீசிய காலத்துக் கோபத்தை அது இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. தினமும் விடிந்ததும் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைச் சமாதானம் பண்ணுகிறேன். கூடவே நாலைந்து பேர் நிற்கிறார்கள். எல்லாருக்கும் ஏதாவது ஒரு மூட்டில் வலி.

ஒரு செய்தி. நம் கிளப்காரர்கள் மைதானத்தில் கடல் பக்கமிருந்து பந்து வீசுகிற முனைக்கு என் பெயரை வைக்கப் போகிறார்கள். 'இயர்வுட் முனை'. நவம்பர் முப்பது, சுதந்திர தினத்தன்று பலகை ஏறுகிறது. அன்றைக்கு நான் என் கிரிக்கெட் வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். யூலா கேட்டாள்: "வீட்ல ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேச மாட்டீங்க. அங்க போய்ப் பத்து நிமிஷம் என்னத்தப் பேசப் போறீங்க?"

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை மச்சான். கரும்பு வண்டிப் பாதையில் வெறுங்காலோடு ஓடிப் பந்து வீசிப் பழகியவன் நான். வெஸ்ட் இண்டீஸுக்குப் பதினோரு டெஸ்ட் ஆட்டம், முப்பத்தெட்டு விக்கெட். என் பந்தில் விரல் உடைந்த ஒரு பேட்ஸ்மேன் இன்றைக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புகிறான், அந்தக் கோணல் விரலை வைத்தே கையெழுத்துப் போட்டு. இதற்கெல்லாம் யார் யாருக்கு நன்றி சொல்வது என்று ஒரு பட்டியல் போட்டேன். முதல் பெயர் உன்னுடையது. அதை எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். நம் மைதானத்தில் வருஷம் முழுக்கக் காற்று கடலிலிருந்துதான். கடல் முனையிலிருந்து ஓடி வருகிறவனைக் காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். எதிரே கரும்பு முனையிலிருந்து வருகிறவன் அந்தக் காற்றை நெஞ்சால் முட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால்தான் நமக்குள் முறை வைத்திருந்தோம். ஒரு ஆட்டத்துக்குக் காற்று எனக்கு, அடுத்த ஆட்டத்துக்கு உனக்கு. கேப்டன் பாஸ்கம் வாத்தியார் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கேட்பார்: "இன்னைக்குக் காத்து யாரு முறை?"

1956 செப்டம்பர். தீவு அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டம். தேர்வாளர்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் வழக்கம்போலக் கேட்டார். முறை உன்னுடையது. நான் "என்னோடது சார்" என்றேன். நீ கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பூட்ஸுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்திருக்காது என்று இத்தனை வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு ஏழு விக்கெட். உனக்கு ஒன்றும் இல்லை. என்னை எடுத்தார்கள். அடுத்த வருஷம் நீ அக்காவைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுகிற வேலைக்கு லண்டனுக்குக் கப்பலேறினாய்.

மன்னித்தேன் என்று நீ ஒரு வரி எழுதாமல் அந்தப் பலகை ஏறக் கூடாது. ஏற விடமாட்டேன். திட்டினாலும் சரி, எழுது. நவம்பரில் நீங்கள் இரண்டு பேரும் வரவும் வேண்டும்.

அக்காவுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்
டார்ன்லி


பெக்கம், லண்டன்
7 ஜூன் 1987

அன்புள்ள டார்ன்லி,

உன் கடிதம் வந்தது. இங்கே இரண்டு பேரும் நலம். உன் முழங்காலை என் முழங்கால் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது. முப்பது வருஷம் பிரேக் மிதித்த கால் அல்லவா, அதற்கும் சொல்லிக்கொள்ள ஒரு கதை இருக்கிறது.

பலகைச் செய்தி கேட்டு உன் அக்கா சமையலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொல், இரண்டு பூச்சு. அந்தக் கடல் உப்பு சாதாரணப் பெயிண்டை ஒரு வருஷத்தில் தின்றுவிடும். திருகாணியும் பித்தளையில் போடச் சொல்.

சனிக்கிழமை முடி வெட்டுகிற கடையில் போய்ச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். கடைக்காரன் ஜமைக்காக்காரன், அவன் வாய் சும்மா இருக்குமா? "உங்க தீவே ஒரு முனை அளவுதான் இருக்கு. அதுல முனைக்கு வேற தனியாப் பேரா?" என்கிறான். கடை முழுக்கச் சிரிப்பு.

தோட்டத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வெண்டை போட்டேன். காய்த்தது. ஒரே ஒரு காய். எல்மினா அதை நறுக்கி நம் ஊர் மாதிரிச் சோளக் களியில் போட்டு, "இந்தா, பார்படாஸ்" என்று என் தட்டில் வைத்தாள்.

நவம்பரில் லீவு கிடைக்குமா என்று டிப்போவில் கேட்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. யூலாவின் கோலா மீன் வறுவலை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்
கிளெமன்ட்


செயின்ட் ஜான்
5 ஜூலை 1987

அன்புள்ள மச்சான்,

நலம். உங்கள் நலம் தெரிந்து சந்தோஷம். பெயிண்டைப் பற்றி எழுதினாய், திருகாணியைப் பற்றி எழுதினாய், ஒற்றை வெண்டைக்காயைப் பற்றிக்கூட எழுதினாய். நான் கேட்டதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கடிதத்தின் முதுகுப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன்.

பலகை எழுதி வந்துவிட்டது. வெள்ளையில் கறுப்பு எழுத்து. கிளப்பில் வைக்க இடமில்லை என்று என் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். கதவுக்குப் பின்னால், எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்திருக்கிறேன். யூலா கேட்கிறாள்: "அது என்ன தப்பு பண்ணுச்சு, அதை மூலைல திருப்பி நிக்க வச்சிருக்கீங்க?"

நன்றிப் பட்டியல் இன்னும் உன் பெயரைத் தாண்டவில்லை. அதில் ஒன்றைச் சொல்கிறேன், நீ மறந்திருப்பாய். நான் முதல்தடவை இங்கிலாந்து வந்தபோது, அந்த ஜூன் மாசக் குளிரில் என் விரல்கள் விறைத்துவிட்டன. பந்து கையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எல்லைக் கோட்டில் போய் நின்றால், வேலிக்கு அந்தப் பக்கம் பஸ் டிரைவர் உடுப்போடு நீ நிற்கிறாய். கோட்டுக்குள்ளிருந்து வெந்நீர்ப் பையை எடுத்து நீட்டினாய். "கைய இதுல வைடா. அம்பயர் பாக்கறதுக்குள்ள" என்றாய். அடுத்த ஓவரில் இரண்டு விக்கெட் விழுந்தது. நீ டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அதைக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டாய்.

நான் உன்னிடமிருந்து எடுத்ததைத் தெரிந்துகொண்டா அந்தப் பையைக் கொண்டுவந்தாய், தெரியாமலா? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அக்காவுக்கும் உனக்கும் யூலா அன்பு சொன்னாள்.

டார்ன்லி


பெக்கம், லண்டன்
9 ஆகஸ்ட் 1987

அன்புத் தம்பி டார்ன்லிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம், நீயும் யூலாவும் நலமாக இருக்க வேண்டும். உன் அத்தான் பேனாவை எடுக்கமாட்டேன் என்கிறார், அதனால் நான் எடுத்தேன்.

உன் இரண்டு கடிதமும் டீத்தூள் டப்பாவுக்குக் கீழே இருக்கின்றன. தினமும் எடுத்துப் படிக்கிறார், திரும்ப வைக்கிறார், தோட்டத்துக்குப் போய்விடுகிறார். என்ன எழுதியிருக்கிறாய் என்று நேற்றுத்தான் நானே எடுத்துப் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். டேய், இதற்காகவா இத்தனை பாடு? அந்தக் காற்றுக் கதை லண்டனில் பாதிப் பேருக்குத் தெரியுமே. முப்பது வருஷமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை முடி வெட்டுகிற கடையில் அதைத்தான் சொல்கிறார். "நானும் வெஸ்ட் இண்டீஸுக்கு ஆடியிருப்பேன். அன்னைக்குக் காத்து என் முறை. மச்சான்காரன் எடுத்துக்கிட்டான்" என்று. புதிதாக வேலைக்கு வருகிற டிரைவர்களுக்கு டிப்போவில் முதல் பாடமே அதுதான். கடைக்காரர் அந்தக் கதைக்காகவே அவருக்கு முதல் நாற்காலி கொடுப்பார்.

அதனால் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தெரியும். கோபமெல்லாம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, உன் பெயர் பேப்பரில் வந்த ஒவ்வொரு துண்டையும் வெட்டி வைத்திருக்கிற மனுஷன் அவர்தான். பிறகு ஏன் ஒரு வரி எழுதமாட்டேன் என்கிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

யூலாவை இரத்தக் கொதிப்பு மாத்திரையை மறக்காமல் சாப்பிடச் சொல்.

அன்புடன்
அக்கா எல்மினா


செயின்ட் ஜான்
30 ஆகஸ்ட் 1987

மச்சான் கிளெமன்ட்டுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்கா எழுதியதைப் படித்தேன். அவள் சிரித்துக்கொண்டு எழுதியிருக்கிறாள், என்னால் சிரிக்க முடியவில்லை. ஆக, உனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் தீவு அணிக்கு ஆடி நான் வாங்கிய தங்க மெடலை நெஞ்சில் வைத்துப் பார்த்து "நல்லா இருக்குடா" என்றாய். தெரிந்துதான் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாய். என்னிடம் மட்டும் சொல்லவில்லை, முடி வெட்டுகிற கடை முழுக்கச் சொல்லியிருக்கிறாய். அது உன் உரிமை. நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஆனால் கதையை முழுசாகத் தெரிந்துகொள். நான் எடுத்ததை நிம்மதியாக அனுபவித்தேன் என்று நினைக்காதே. காலையில் காற்று முதுகில் அடித்தது, இரண்டு விக்கெட் எடுத்தேன், உன் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டு வேளையில் அக்கா உனக்கும் எனக்கும் ஒரே தூக்கில் கொண்டுவந்த மீனை நீ இரண்டாகப் பிட்டுப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாய். நான் அதை அப்படியே தூக்கில் திரும்பப் போட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓட ஆரம்பித்தால், யாரோ நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளுகிற மாதிரி இருந்தது. சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கியது. பத்தொன்பது எட்டில் முடிகிற என் ஓட்டம் கோட்டை எட்டவில்லை, இரண்டு எட்டு குறைந்தது. அடையாளத்தை முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு ஓடினேன். என் பாவம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைத்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. கொடியைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்க்கவில்லை, ஆகாயத்தைப் பார்க்கவில்லை. எப்படியாவது இந்த நாள் முடிந்தால் போதும் என்று வீசினேன். அப்படியும் ஐந்து விக்கெட் விழுந்தது. காற்று பார்த்துக்கொண்டது, வேறென்ன.

அன்றைக்கு நெஞ்சில் விழுந்த அந்தக் கையை இன்றைக்கும் என்னால் எடுக்க முடியவில்லை மச்சான். பலகை வேண்டாம் என்று கிளப்பில் சொல்லப் போகிறேன்.

டார்ன்லி


செயின்ட் ஜான்
4 அக்டோபர் 1987

மச்சான்,

நலம்தானே? ஐந்து வாரமாகத் தபால்காரரைப் பார்த்தால் நான் எழுந்து நிற்கிறேன். அவர் "உக்காருங்க, ஒண்ணும் இல்ல" என்று சைக்கிளை நிறுத்தாமலே போகிறார்.

கிளப்பில் போய்ச் சொன்னேன். செயலாளர் அம்மாள் காரணம் கேட்டார். அந்த முனையை நான் பொய் சொல்லி வாங்கினேன், வேறு ஒருவனின் முறை அது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நோட்டீஸ் அடிச்சாச்சு மிஸ்டர் இயர்வுட். பேண்டு வாத்தியத்துக்கும் சொல்லியாச்சு. அந்த வேறொருத்தர் கையெழுத்துப் போட்டு ஆட்சேபணை அனுப்பினா நிறுத்தறோம்" என்றார்.

ஆகவே மச்சான், இப்போது எல்லாம் உன் கையில். மன்னிப்பு அனுப்பு, அல்லது ஆட்சேபணை அனுப்பு. எது வந்தாலும் நான் உனக்குக் கடமைப்பட்டவன்தான்.

டார்ன்லி


பெக்கம், லண்டன்
25 அக்டோபர் 1987

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே வேண்டும். இங்கே போன வாரம் அடித்த புயல்காற்றில் பூங்காவில் பாதி மரம் சாய்ந்துவிட்டது, உன் அத்தானின் கண்ணாடிக் கூண்டும் போயிற்று. உடைந்த கண்ணாடியைப் பெருக்கிக் கொட்டிவிட்டு வந்தார், அவ்வளவுதான். வெண்டைக்கு அழுவார் என்று நினைத்தேன்.

அவர் ஏழு வாரமாக முடி வெட்டிக்கொள்ளவில்லை. தலை புதராகக் கிடக்கிறது. கடைக்காரரே வீடு தேடி வந்து, "என்னய்யா, எம்மேல ஏதும் கோவமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் புயலுக்கு மறுநாள் காலையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "எல்மினா, அந்த செலக்ஷன் ஆட்டம் அன்னைக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?" நான் சொன்னேன், "இல்லாம என்ன. என் நீல ரிப்பன் வச்ச புதுத் தொப்பி அன்னைக்குத்தான் போச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் பறந்து உங்களைத் தாண்டி மலை விளிம்புக்கு அந்தப் பக்கம் கடல்ல விழுந்துச்சு. நீங்க பிடிப்பீங்கன்னு பாத்தேன், மரம் மாதிரி நின்னீங்க. அப்பவே யோசிச்சிருக்கணும் நான்." வழக்கமாக இதற்குச் சிரிப்பார். சிரிக்கவில்லை. கையைத் தலையில் வைத்துக்கொண்டு, "அதுவே போதும்" என்றார். என்ன போதும் என்று நான் கேட்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அவர் எழுதுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்கா


பெக்கம், லண்டன்
8 நவம்பர் 1987

அன்புள்ள டார்ன்லி,

நான் நலம். நீ நலமாக இருக்கமாட்டாய், அதற்கு நான்தான் காரணம். உட்கார்ந்து படி. யூலாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் ஆணி. நீ "என்னோடது சார்" என்றது எனக்கு நன்றாகக் கேட்டது. வாயில் மூன்று ஆணி வைத்திருந்தேன். அதைத் துப்பிவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் நீ கடல் முனைக்கு நடந்துவிட்டாய். நீ சொன்னது பொய். அந்தப் பொய்யை நான் மன்னிக்கிறேன். இதோ நீ கேட்ட வரி. மே மாசமே எழுதியிருக்க வேண்டியது.

ஏன் எழுதவில்லை என்றால், அதை எழுதினால் அடுத்த வரியையும் எழுத வேண்டும். நீ ஆகஸ்டில் எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள், சட்டை நெஞ்சோடு ஒட்டியது, ஓட்டம் இரண்டு எட்டு குறைந்தது, உன் பாவம் உன்னைப் பிடித்து நிறுத்தியது. அப்படித்தானே எழுதினாய்?

மடையா, அது பாவம் இல்லை. காற்று.

வடக்கே தூரத்தில் ஒரு புயல் போய்க்கொண்டிருந்தது, நம் தீவைத் தொடவில்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் காற்று அப்படியே திரும்பிக் கரும்புப் பக்கத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தது. வருஷத்தில் ஒரு நாள்கூட நடக்காத விஷயம். உன் அக்காவின் தொப்பி கடலுக்குள் போயிற்றே, மற்ற நாளாக இருந்தால் அது கரும்புக்குள் அல்லவா போயிருக்கும்? நீ குனிந்த தலை நிமிராமல் எதிர்காற்றில் ஓடிக்கொண்டிருந்தாய். நான் கரும்பு முனையிலிருந்து முதுகில் காற்றோடு ஓடி வந்தேன்.

இப்போது என் பங்கைக் கேள். இரண்டு ஓவர் முடிந்ததும் பாஸ்கம் வாத்தியார் என்னிடம் வந்தார். "காத்து திரும்பிருச்சு கிளெமன்ட். முனைய மாத்திக் குடுக்கட்டுமா? இன்னைக்குக் காத்து அவன் முறைன்னானே" என்றார். நான் சொன்னேன், "வேண்டாம் சார், அவனுக்கு அந்த முனை செட்டாயிருச்சு, கலைக்காதீங்க." நல்ல பிள்ளை மாதிரிச் சொன்னேன். என் மனசில் இருந்தது வேறு. கடவுளே எனக்குச் சேர வேண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இவன் இனி அந்தக் காற்றில் திணறட்டும் என்று நினைத்தேன். உன் அக்காவின் தொப்பி என் தலைக்கு மேலே போனபோது நான் மரம் மாதிரி நின்றது அதனால்தான். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பதினாலு ஓவர் வீசினேன் டார்ன்லி. முதுகில் அருமையான காற்று. ஒரு விக்கெட் விழவில்லை. நீ எதிர்முனையில் மூச்சு முட்ட ஓடி வந்து வீசினாய், அந்த எதிர்காற்றில் உன் பந்து கடைசி நேரத்தில் வளைந்தது பார், அப்படி ஒரு வளைவை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. ஐந்து பேர் போனார்கள். அதில் மூன்று பேருக்கு ஸ்டம்பே பறந்தது. காற்று உனக்கு ஒன்றையும் எடுத்துக் கொடுக்கவில்லை. நீயே எடுத்தாய்.

இது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் லண்டனுக்கு வந்து முதல் குளிர்காலத்தில், பனியில் பஸ்ஸைக் கிளப்ப முடியாமல் நிற்கும்போது, என் காற்றை மச்சான் எடுத்துக்கொண்டான் என்று ஒருவனிடம் சொன்னேன். அவன் எனக்காக வருத்தப்பட்டான். அது கோட்டுக்குள் வெந்நீர்ப் பை வைத்த மாதிரி இதமாக இருந்தது. பிறகு விட முடியவில்லை. முப்பது குளிர்காலத்தை அதை வைத்தே ஓட்டினேன். கதையில் பாதி உண்மை, சாப்பாட்டு வேளை வரைக்கும். நீ மன்னிப்புக் கேட்டு எழுதியபோது, என் கதையில் மீதிப் பாதியைக் கேட்கிற மாதிரி இருந்தது. அதனால்தான் வெண்டைக்காயைப் பற்றி எழுதினேன்.

போன மாசம் இங்கே காற்று அடித்து எல்லாம் சாய்ந்த காலையில், இவன் முப்பது வருஷமாக ஒன்றுமில்லாத பாவத்தைச் சுமந்துகொண்டிருக்கிறான், நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. நேற்று முடி வெட்டுகிற கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் முழுக் கதையையும் சொன்னேன். கடைக்காரன் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொல்கிறான்: "போய்யா, பழைய கதைதான் நல்லா இருந்துச்சு." ஆனாலும் முதல் நாற்காலி எனக்குத்தான் என்றான். எதிர்காற்றில் ஐந்து விக்கெட் விழுந்ததை நேரில் பார்த்த ஆள் லண்டனில் நான் ஒருவன்தானே.

பலகையைத் திருப்பு. கடல் முனையிலேயே மாட்டு. அந்த முனையிலிருந்துதான் எதிர்காற்றில் வீசினாய். நான் வாத்தியாரிடம் சொன்னதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும், அதை எழுதி அனுப்பு. லீவு பிப்ரவரியில்தான் கிடைத்தது. இரண்டு பேரும் வருகிறோம். ஒரு ஓவர் வீசாமல் திரும்பமாட்டேன், எந்த முழங்கால் என்ன சொன்னாலும்.

யூலாவுக்கு என் அன்பு.

கிளெமன்ட்


செயின்ட் ஜான்
2 டிசம்பர் 1987

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். இதைவிடச் சுகமாக நான் இருந்ததாக ஞாபகம் இல்லை.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். யூலா பயந்து ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பாவத்துக்காக முப்பது வருஷம் சர்ச்சுல எல்லாரும் எழுந்த பிறகும் முழங்கால் போட்டுக்கிட்டே இருந்தீங்களே. முதல்ல அந்த முழங்கால்கிட்ட மன்னிப்புக் கேளுங்க." கதவுக்குப் பின்னால் இருந்த பலகையை அவளே திருப்பி வைத்தாள்.

உன்னை மன்னித்தேன். எழுதியாகிவிட்டது. நீ வாத்தியாரிடம் சொன்ன அந்தப் பதிலுக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். முனையை மாற்றியிருந்தால் அந்த ஐந்து விக்கெட்டைக் காற்று எடுத்தது என்று சாகும்வரை நினைத்திருப்பேன்.

பத்து நிமிஷம் பேச வேண்டிய இடத்தில் நாற்பது நிமிஷம் பேசினேன். உன் ஆணியிலிருந்து ஜமைக்காக்காரன் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். செயலாளர் அம்மாள் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இந்தத் தடவை வேறு காரணத்துக்கு. யூலா நூற்றைம்பது காங்கி அவித்துக் கொண்டுவந்திருந்தாள், பூசணிக்காயும் தேங்காயும் போட்டு, வாழை இலையில் கட்டி. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பலகை பித்தளைத் திருகாணியில் நிற்கிறது. எனாமல், இரண்டு பூச்சு.

எல்லாம் முடிந்து ஜனங்கள் கலையும்போது இப்போதைய கேப்டன் வந்தார். பிப்ரவரியில் பழைய ஆட்டக்காரர்களுக்கு ஒரு ஆட்டம் வைக்கிறார்களாம், நீயும் நானும்தான் முதல் இரண்டு ஓவராம். கடலிலிருந்து காற்று வழக்கம்போல அடித்துக்கொண்டிருந்தது. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார், பாஸ்கம் வாத்தியாரின் குரலில், என் பேச்சில் கேட்டதை வைத்துக்கொண்டு: "சரி மிஸ்டர் இயர்வுட், அன்னைக்குக் காத்து யாரு முறை?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாராக நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பியைக் கழற்றினேன். முப்பத்தோரு வருஷம் தாமதமாக, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன்.

"கிளெமன்ட் முறை சார்."

அக்காவுக்கு நீல ரிப்பன் வைத்த தொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பத்திரமாக வந்து சேருங்கள்.

உன் மச்சான்
டார்ன்லி